மனு எந்த மேசைக்குப் போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் வாசகர் பக்கத்தில் ஒரு நண்பர், மனு கொடுத்து இந்த நாட்டில் எதுவும் நடந்ததில்லை, காகிதம்தான் வீண் என்று எழுதியிருந்தார். காகிதம் வீணானால் எனக்கு லாபம். மீனாட்சிபுரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆனாலும் அவர் சொன்னதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

உங்கள் வாசகர்களில் பலருக்கு எங்கள் ஊர் பொள்ளாச்சி ரோட்டில் வருகிற ஒரு செக்போஸ்ட்டாகத்தான் தெரிந்திருக்கும். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம், சந்தைக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் பொள்ளாச்சி. பெண் கொடுப்பதும் எடுப்பதும் பாதிக்கு மேல் அந்தப் பக்கம்தான். அதனால் என் கடைக்கு இரண்டு மாநிலத்து மனுக்களும் வரும். பட்டயம் (நிலப் பட்டா), ரேஷன் கார்டு, ஜாதி சர்ட்டிபிகேட், கேரள அரசின் லைஃப் திட்டத்தில் வீடு, முதியோர் பென்ஷன், தெருவிளக்கு, பக்கத்துத் தோட்டக்காரர் அடைத்த வழி. டைப் அடித்துக் கொடுப்பேன், நகல் எடுத்துக் கொடுப்பேன். சில சமயம் "இதை இவருக்கு எழுதாதீங்க" என்றும் சொல்வேன். அந்தக் கடைசி வேலைக்குக் காசு வாங்குவதில்லை. இன்றைக்கு எழுத உட்கார்ந்ததும் அதைப் பற்றித்தான்.

நான் பார்த்தவரை, மனுக்கள் தோற்பது 'பெறுநர்' என்ற இடத்திலேயே. கோபத்தில் இருப்பவர் பெரிய ஆளாகப் பார்த்து எழுதுகிறார். முதலமைச்சர், பிரதமர், ஜனாதிபதி. கம்பெனி மேல் புகார் என்றால் அதன் சேர்மன். பெரிய ஆளுக்குப் போன மனு படிப்படியாகக் கீழே இறங்கி, ஒவ்வொரு மேசையிலும் ஒரு சீல் வாங்கி, கடைசியில் யார் மேல் புகாரோ அதே ஆபீசுக்குத் 'தக்க நடவடிக்கைக்காக' என்று வந்து சேரும். அவர் 'விசாரித்தேன், புகாரில் உண்மையில்லை' என்று எழுதி மேலே அனுப்பிவிடுவார். மனு கொடுத்தவருக்கு ஒரு கார்டு வரும். மனு வீண் என்று அவர் முடிவு செய்துவிடுவார். உங்கள் வாசக நண்பருக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இதில் ஆளுகிறவர்களுக்கும் பங்குண்டு. உம்மன் சாண்டி கேரள முதலமைச்சராக இருந்தபோது 2011-லிருந்து மாவட்டம் மாவட்டமாக மக்கள் தொடர்பு முகாம் நடத்தினார். விடிய விடிய உட்கார்ந்து மனு வாங்கினார். 2013-ல் ஐ.நா.வின் பொதுச் சேவை விருதுகூட அதற்குக் கிடைத்தது. வில்லேஜ் ஆபீசர் செய்ய வேண்டிய வேலையை முதலமைச்சர் செய்கிறார் என்று அன்றைக்கு எதிர்க்கட்சியினர் கேலி பேசினார்கள். 2023 நவம்பரிலும் டிசம்பரிலும் ஆட்சியில் இருந்த அவர்களே மந்திரிசபையோடு பஸ் ஏறி நவகேரள சதஸ் என்று ஊர் ஊராக மக்களைச் சந்தித்து மனு வாங்கியபோது, கேலி பேசும் முறை மற்றவர்களுக்கு வந்தது. அந்த நாட்களில் என் மெஷின் சூடு ஆறவே இல்லை. மாநிலம் முழுக்க லட்சக்கணக்கில் மனுக்கள் குவிந்தன. என் கண்ணில் பட்டவற்றில் பெரும்பகுதி பஞ்சாயத்திலோ தாலுக் ஆபீசிலோ முடிந்திருக்க வேண்டிய விஷயங்கள். மேடையில் கொடுத்த மனு வலுவானது என்று ஜனங்கள் நம்புகிறார்கள். மேடையிலிருந்து இறங்கியதும் அது எந்த மேசைக்குப் போகிறது என்று கேட்க ஆளில்லை.

சரி, எங்கள் பகுதியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பெயர்கள் வேண்டாம்.

எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு மண்ணில் ஒரு நார் மில். தேங்காய் மட்டையை அடித்து நாரைப் பிரித்தபின் மிஞ்சுகிற தூளைத்தான் பித் என்கிறோம். முன்பெல்லாம் அது ரோட்டோரத்தில் குவிந்து கிடக்கும், எடுத்துப் போக ஆளிருக்காது. இப்போது அதைக் கட்டியாக அழுத்தி வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள். அங்கே மண்ணுக்குப் பதிலாக அதில் தக்காளியும் ஸ்ட்ராபெரியும் வளர்க்கிறார்கள். ஆனால் பித்தில் உப்பு அதிகம். உப்பு இருந்தால் வாங்குகிறவன் எடுக்கமாட்டான். அதனால் நல்ல தண்ணீரைப் பாய்ச்சிப் பாய்ச்சிக் கழுவ வேண்டும். கழுவின தண்ணீர் பழுப்பாக, உப்போடு வெளியே வரும். தரை போடாத களத்தில் கழுவினால் அது போகிற இடம் பூமிக்குள். எங்கள் பூமி மேற்கே சரிவு. ஆழியாறே மேற்கே ஓடி வந்துதான் இங்கே சித்தூர்ப் புழையாகிறது. நிலத்தடித் தண்ணீர் மட்டும் செக்போஸ்ட்டைப் பார்த்து நின்றுவிடுமா? இந்தப் பக்கத்துக் கிணறுகள் ஒவ்வொன்றாகக் கட்டன் சாயா (பால் விடாத டீ) நிறத்துக்கு மாறின. அரிசி கழுவினால் அரிசி மஞ்சளாகும். மாடு வாயை வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும்.

முதலில் மில்லுக்கே எழுதினார்கள். மேனேஜர் மரியாதையாக உட்காரவைத்து டீ கொடுத்து, பார்க்கிறோம் என்றார். சரக்கு வாங்கி ஏற்றுமதி செய்கிற கம்பெனிக்கு ஒரு பையன் ஆங்கிலத்தில் மெயில் அனுப்பினான். உங்கள் அக்கறைக்கு நன்றி என்று பதில் வந்தது. இந்தப் பக்கத்து அலுவலகம் ஒன்றில், மில் எங்கள் எல்லையில் இல்லையே என்றார்கள். அந்தப் பக்கத்து அலுவலகம் ஒன்றில், கிணறு கேரளாவில் இருக்கிறது, அங்கே கொடுங்கள் என்றார்கள். இரண்டு பேரும் சொன்னது பொய்யில்லை. அதுதான் எல்லையில் குடியிருப்பவனின் கஷ்டம்.

அப்புறம் ஒரு நாள் எங்கள் வார்டில் தொழிலுறுப்பு வேலைக்கு, அதாவது நூறு நாள் வேலைக்கு, மேட்டாக (மேற்பார்வையாளராக) இருக்கிற ஒரு அக்கா கடைக்கு வந்தார். அதுவரை கொடுத்த மனுக்களின் நகலெல்லாம் அவர் கையில் இருந்தது. பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். ரோடு சரியில்லை, லாரி வேகமாகப் போகிறது, தூசி, இரைச்சல், கிணறு, ரேஷன் கடையில் சர்க்கரை இல்லை என்பதுகூட இருந்தது. முடிவில் 'மில்லை உடனடியாக நிரந்தரமாக மூட வேண்டும்.'

"ஏனுங்ண்ணா, மூடச் சொல்லித்தான் எழுதணுமா?" என்று கேட்டார். "என்ற மருமவளே அங்கதான் வேலைக்குப் போறா. கையெழுத்துப் போட்டவங்க வீட்லயும் பாதிப்பேர் போறாங்க."

"உங்களுக்கு என்ன வேணும்ங்க்கா?" என்றேன்.

"கெணத்துத் தண்ணி வேணும்."

அந்த அக்கா எட்டாவதோ ஒன்பதாவதோ படித்தவர். ஆனால் வக்கீல் சொல்லிக்கொடுக்காத ஒன்றை அவர் பிடித்துவிட்டார். மூடு என்று எழுதினால், அந்த மேசையில் இருப்பவர் செய்ய முடியாத ஒன்றைக் கேட்கிறோம். அவர் மனுவை ஓரமாக வைக்க நாமே காரணம் கொடுத்ததாகிறது. கழுவுகிற தண்ணீரைப் பூமியில் விடாதே, களத்துக்குத் தரை போடு, தொட்டி கட்டி அதே தண்ணீரைத் திருப்பிப் பயன்படுத்து, கிணறு தெளியும்வரை இத்தனை வீட்டுக்குக் குடிதண்ணீர் கொடு. இப்படிக் கேட்டால் முடியாது என்று சொல்வதற்கும் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதுவது எந்த அதிகாரிக்கும் பிடிக்காத வேலை.

யாரிடம் கேட்பது? தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-லிருந்தே இருக்கிறது. கழிவுநீரை வெளியே விடுகிற எந்தத் தொழிற்சாலையும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை இல்லாமல் ஓடக் கூடாது. இசைவாணை என்பது சும்மா ஓட்டலாம் என்கிற அனுமதி மட்டுமில்லை, நிபந்தனைப் பட்டியலும் அதில் உண்டு. நார் மில்களை ஆபத்தில்லாத வெள்ளைப் பட்டியலில் வைத்திருந்த தமிழ்நாட்டு வாரியம், 2021-ல் அவற்றைக் கட்டுப்பாடு கூடுதலான ஆரஞ்சுப் பட்டியலுக்கு மாற்றியது. பொள்ளாச்சிப் பக்கம் மில்காரர்கள் கொதித்துப்போனார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கலாம், சின்ன மில்லுக்குச் செலவு தாங்காது. ஆனால் எங்களுக்கு அதிலிருந்து ஒன்று புரிந்தது. மில்லுக்காரர் பயப்படுகிற மேசை அதுதான். அதனால் முதலில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் அந்த இசைவாணையின் நகலைக் கேட்டோம். 2005-ல் வந்த இந்தச் சட்டத்தில் 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். வேறு ஆபீசுக்குப் போக வேண்டிய கேள்வியானால், அவர்களே ஐந்து நாளுக்குள் அந்த ஆபீசுக்கு மாற்றிவிட வேண்டும். எங்கள் ஆபீஸ் இல்லை என்று திருப்பி அனுப்புகிற விளையாட்டு அதில் செல்லாது. நகல் வந்தது. கழுவுநீரை வெளியே விடக் கூடாது என்று அதிலேயே அச்சடித்து வைத்திருந்தார்கள்.

மீதியை அந்த அக்கா பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு கிணற்றுக்காரரையும் அவரவர் கிணற்றிலேயே பாட்டிலில் தண்ணீர் மொள்ளச் சொல்லி, தேதியும் சர்வே எண்ணும் எழுதி ஒட்டி, போனில் படம் பிடித்தார். எல்லாரிடமும் காசு வசூலித்துச் சில பாட்டில்களைப் பரிசோதனைக்கும் அனுப்பினார். குடிதண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை இருக்கலாம், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயக் கணக்கு. எங்கள் பாட்டில்கள் சில இரண்டாவது வரம்பையும் தாண்டியிருந்தன. மனு ஒன்றரைப் பக்கம். இரண்டு மாநில வாரியங்களுக்கும் ஒரே மனு, இவருக்கு அனுப்பியது அவருக்குத் தெரிகிற மாதிரி. கீழே ஒரு வரி: நடவடிக்கை இல்லையென்றால் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போவோம்.

அந்த ஒரு வரியை லேசாக நினைக்காதீர்கள். சுற்றுச்சூழல் வழக்குகளில் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் சேர்த்து அதிகாரம் உள்ள இடம் அது. அங்கே எல்லைக்கோடு செல்லாது. 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக் கழிவுகளைத் திருநெல்வேலிக் கிராமங்களில் கொண்டுவந்து கொட்டியது நினைவிருக்கும். தென்மண்டல அமர்வு கேரள அரசுக்கு நாள் குறித்து உத்தரவு போட்டது. கேரளத்திலிருந்தே லாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போயின. யாரும் வழக்குப் போடாவிட்டாலும் தீர்ப்பாயம் தானாகவே ஒரு விஷயத்தை எடுத்து விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றமும் 2021-ல் சொல்லியிருக்கிறது. ஒன்று மட்டும் ஜாக்கிரதை. பிரச்சினை தொடங்கி ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், நஷ்டஈடு கேட்பதானால் ஐந்து வருடம். 'பார்க்கிறோம்' என்ற வார்த்தையை நம்பி உட்கார்ந்திருந்தால் அந்த ஆறு மாதம் கழிந்துவிடும்.

ஆய்வுக்கு வந்தார்கள். களத்துக்குத் தரை போட்டாயிற்று, தொட்டியும் கட்டியாயிற்று. வாரத்துக்கு ஒரு டேங்கர் தண்ணீர் வருகிறது. கிணறுகள் முழுக்கத் தெளியவில்லை, ஆனால் ஓரத்தில் உள்ள சில நிறம் வெளுத்திருக்கின்றன. பூமிக்குள் இறங்கினது இறங்கினதுதான், மழை பெய்து மெல்லத்தான் வெளியேற வேண்டும். மில் ஓடுகிறது. அக்காவின் மருமகள் வேலைக்குப் போய்வருகிறாள். நஷ்டஈடு பற்றிய பேச்சு அப்படியே நிற்கிறது.

இதைப் பெரிய வெற்றி என்று நான் சொல்லவில்லை. மனு வீண் என்பவருக்கு ஒரு பதில், அவ்வளவுதான்.

பெரிய கதை எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பிளாச்சிமடை. அந்தப் பெயரைக் கேட்டதும் எல்லாருக்கும் கோகோ கோலாவும் பந்தலும் மயிலம்மாவும்தான் நினைவுக்கு வரும். போராட்டத்தில் முன்னால் நின்ற மயிலம்மா எரவாளர் என்ற பழங்குடிச் சமூகத்துப் பெண், தமிழ்தான் பேசுவார். 2000-ல் அங்கே கோகோ கோலா ஆலை ஓடத் தொடங்கியது. கொஞ்ச காலத்திலேயே கிணறுகள் வற்றின, இருந்த தண்ணீரும் குடிக்க ஆகவில்லை. ஆலைக் கசடை உரம் என்று விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். 2003-ல் பி.பி.சி. வானொலிக்காரர்கள் அதைப் பரிசோதித்து ஈயமும் காட்மியமும் இருப்பதாகச் சொன்னார்கள். 2002 ஏப்ரல் 22 முதல் ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். உலகமெங்கும் இருந்து ஆட்கள் வந்தார்கள், மாநாடு நடந்தது. எல்லாம் சரி. ஆனால் ஆலையை அசைத்த காகிதம் எங்கிருந்து வந்தது? கம்பெனியின் தலைமையகம் இருக்கிற அட்லாண்டாவிலோ டெல்லியிலோ இருந்து வரவில்லை. பெருமாட்டி கிராமப் பஞ்சாயத்திலிருந்து வந்தது. ஆலைக்கு லைசென்ஸ் கொடுத்தது பஞ்சாயத்து. 2003 ஏப்ரலில் அதைப் புதுப்பிக்க மாட்டோம் என்று தீர்மானம் போட்டதும் அதே பஞ்சாயத்து. பந்தலில் உட்கார்ந்திருந்த ஜனங்களின் சத்தம் சரியான மேசையைப் போய்த் தட்டியதால்தான் அது நடந்தது.

அதற்கப்புறம் கோர்ட். நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அளவுக்கு மீறி உறிஞ்ச நிலத்துக்காரருக்கு உரிமையில்லை என்று 2003 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்புச் சொன்னார். 2005 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, தினமும் ஐந்து லட்சம் லிட்டர்வரை எடுக்கலாம் என்றது. ஆனால் 2004 மார்ச்சில் நின்ற ஆலை திரும்ப ஓடவேயில்லை. 2017-ல் உச்ச நீதிமன்றத்தில் கம்பெனியே, இனி அங்கே உற்பத்தி தொடங்கும் எண்ணமில்லை என்று சொல்லிவிட்டது.

இதோடு கதையை முடிப்பவர்கள்தான் அதிகம். எங்களுக்கு முடியவில்லை. மாநில அரசு போட்ட உயர்நிலைக் குழு 2010-ல் கணக்குப் பார்த்து, ஜனங்களுக்கும் மண்ணுக்கும் தண்ணீருக்கும் ஏற்பட்ட சேதம் 216.26 கோடி ரூபாய் என்றது. அதை வாங்கித் தருவதற்குத் தனித் தீர்ப்பாயம் அமைக்க 2011 பிப்ரவரியில் கேரள சட்டசபை மசோதா நிறைவேற்றியது. மசோதா டெல்லிக்குப் போனது, ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைக்கவில்லை. மயிலம்மா 2007-லேயே போய்விட்டார். பந்தலில் உட்கார்ந்தவர்களில் எத்தனையோ பேர் இப்போது இல்லை. சரியான மேசையைக் கண்டுபிடித்த ஊருக்கே, நஷ்டஈட்டுக்கான மேசை இன்றுவரை அகப்படவில்லை. டெல்லிக்கு அனுப்பாமல் மாநிலமே தன் அதிகாரத்தில் சட்டம் செய்யலாம் என்று போராட்டக்காரர்கள் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தும் அது நடக்கவில்லை.

காசர்கோட்டிலும் இப்படித்தான். முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் பூச்சிமருந்து தெளித்ததை எதிர்த்து, விவசாயத் துறையில் வேலை பார்த்த லீலாகுமாரி அம்மா 1998-ல் பக்கத்து முன்சீப் கோர்ட்டுக்குத்தான் போனார். திருவனந்தபுரத்துக்கு எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கவில்லை. தடை அங்கேயே கிடைத்தது. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா ஐந்து லட்சம் ரூபாயை மூன்று மாதத்துக்குள் கொடுக்கச் சொன்னது. 2022-லும் பெரும்பாலானவர்களுக்குப் பணம் போய்ச் சேரவில்லை என்று அதே நீதிமன்றம் அரசைக் கண்டித்தது. உத்தரவு வாங்குவது ஒரு வேலை, உத்தரவின்படி நடக்கவைப்பது இன்னொரு வேலை. இரண்டாவதற்குப் பந்தல் போடுகிறவர்கள் குறைவு, டிவி காமிராவும் அவ்வளவாக வராது.

இப்போது பையன்கள் போனில் ஒரு லிங்க் அனுப்பி, மனுவில் கையெழுத்துப் போடுங்க மாமா என்கிறார்கள். போடுகிறேன். ஆனால் எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆயிரக்கணக்கில் பெயர் இருக்கும், பாதிப்பேர் எந்த ஊர் என்றே தெரியாது. ஆய்வுக்கு வருகிற அதிகாரி கேட்கிற முதல் கேள்வி, பாதிக்கப்பட்டது யார், கிணறு எங்கே என்பதுதான். அந்த இடத்தில் சர்வே எண்ணோடு வைத்த ஒரு கைநாட்டு, முகவரி இல்லாத ஆயிரம் கையெழுத்தை விடப் பெரிது. சத்தம் போட லிங்க் உதவும், பத்திரிகைக்காரர்கள் கவனிப்பார்கள். பதில் வாங்க அது போதாது. கலெக்டரோடு நின்று மனுவைப் பிடித்தபடி எடுத்த போட்டோவும் அப்படித்தான். போட்டோவுக்கு வருகிற கூட்டத்தில் கால்வாசிப் பேர்கூட, ரசீது வாங்கும் வரிசையில் நிற்பதில்லை.

ரசீது என்றதும் மொழி விஷயம் வந்துவிடுகிறது. அரசியல் சட்டத்தின் 350-ஆவது பிரிவு, குறைதீர்க்கக் கோரும் மனுவை அந்த மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் எந்த அதிகாரிக்கும் கொடுக்கலாம் என்கிறது. கேரளத்தின் 1969-ஆம் வருட ஆட்சிமொழிச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதியில் உள்ள ஆபீசுகளுக்குத் தமிழர் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும். சித்தூர் தாலுகா அப்படிப்பட்ட பகுதிதான். ஆனால் ஒரு அலுவலகத்தில் ஒரு பெரியவரின் தமிழ் மனுவை, மலையாளத்தில் எழுதிக்கொண்டு வரச் சொல்லித் திருப்பிவிட்டார்கள். எழுதிக் கொடுத்தபின் பதிலும் மலையாளத்தில் வந்தது. அதைப் படிக்க அவர் என் கடைக்கு வந்தார். பதினைந்து நாளுக்குள் கூடுதல் ஆவணம் தர வேண்டும் என்று அதில் இருந்தது. அவர் வந்தபோது அந்தக் கெடு தாண்டிவிட்டது. கவுன்ட்டரில் இருந்தவரைக் குறை சொல்ல மாட்டேன். வடக்கே எங்கிருந்தோ மாற்றலாகி வந்தவர், தமிழ் எழுத்துத் தெரியாது. தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரை அந்த நாற்காலியில் போடாதவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். இந்தத் தாலுகாவில் தமிழ் வழியில் படித்து, அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வு எழுதிவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை.

நான் கேட்க விரும்புவது ஒன்று. தமிழ்நாட்டில் திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. இங்கே அவ்வப்போது தாலுகா அளவில் அதாலத் என்று குறைதீர்க்கும் முகாம் வைக்கிறார்கள். இரண்டும் நல்லதுதான். ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காலை வைத்திருக்கிற பிரச்சினை இரண்டிலும் உட்காராது. மில் அங்கே, கிணறு இங்கே. கோழிக்கழிவு ஏற்றுகிற லாரி இங்கே, கொட்டுகிற தோப்பு அங்கே. வேலை கொடுத்த கான்டிராக்டர் அங்கே, கூலி பாக்கி உள்ளவர் இங்கே. பாலக்காடு, கோயம்புத்தூர் கலெக்டர்கள் இருவரும் மாதம் ஒருமுறை இல்லாவிட்டாலும், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மீனாட்சிபுரத்திலோ கோவிந்தாபுரத்திலோ வேலந்தாவளத்திலோ ஒரே பந்தலில் உட்கார்ந்து மனு வாங்க வேண்டும். இரண்டு வாரியத்து இன்ஜினியர்களும், இரண்டு பக்கத்துத் தொழிலாளர் அதிகாரிகளும் கூட இருக்க வேண்டும்.

நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு தடுப்பணையில் கேரளத்துக்கு வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும். 1970-ல் கையெழுத்தான ஒப்பந்தம். அதைக் கவனிக்க இரண்டு மாநில இன்ஜினியர்கள் சேர்ந்து உட்காருகிற ஒரு கூட்டு வாரியம் இருக்கிறது. தண்ணீரை அளக்கச் சேர்ந்து உட்கார முடிகிறவர்களுக்கு, அதே தண்ணீர் கெட்டுப்போனது என்ற மனுவை வாங்கச் சேர்ந்து உட்காருவது கஷ்டமா?

இதையே மனுவாகவும் எழுதிவிட்டோம். ஒன்றரைப் பக்கம், தமிழில். கிணற்றுக்காரர்களின் கையெழுத்தும் கைநாட்டும் சர்வே எண்ணோடு பின்னால் இணைத்திருக்கிறோம். ரிஜிஸ்தர் தபாலை 2025 செப்டம்பரிலிருந்து ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், அதனால் ஸ்பீட் போஸ்ட்டில் இரண்டு கலெக்டர்களுக்கும் ஒரே நாளில் போகிறது. தொழிலுறுப்பு அக்காதான் முதல் கையெழுத்து. ஒரு நகல் உங்களுக்கும் இத்துடன் வைத்திருக்கிறேன். இந்தக் கடிதம் நீளமாகிவிட்டது, வெட்டிச் சுருக்கிப் போட்டாலும் வருத்தமில்லை. கலெக்டர்களிடமிருந்து பதில் வந்ததும் எந்த மொழியில் வந்தாலும் அனுப்பிவைக்கிறேன். அதை வெட்டாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர்,
மீனாட்சிபுரம், பாலக்காடு மாவட்டம்.